‘முடியாது’ என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் படிப்பு பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் ஊர் வேறு, பள்ளி வேறு, பிள்ளையின் நிலை வேறு. குறை மட்டும் ஒன்றுதான். பள்ளியோ அலுவலகமோ ஒரு முடிவு எடுக்கிறது, அது பெற்றோர் காதுக்கு வாய்வார்த்தையாக மட்டும் வந்து சேர்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் முன்சிறை, கிள்ளியூர் வட்டாரங்களில் சிறப்புப் பயிற்றுநராக வீடு வீடாகப் போய் வேலை பார்த்தவள் நான். பெற்றோர் எத்தனையோ பேர் சொல்லக் கேட்ட கதை இது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்கள் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு ஆட்டிசம். மூன்றாம் வகுப்பு படிக்கிறான். நான் அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலை) வேலை பார்க்கிறேன். அவன் அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறார். கஷ்டப்பட்டுத்தான் பக்கத்தில் உள்ள தனியார் பள்ளியில் சேர்த்தோம். போன வாரம் எங்களைக் கூப்பிட்டு, “வர்ற வருஷம் இவனை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. டி.சி. வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கள்” என்றார்கள். ஏன் என்று கேட்டால் “உங்களுக்கே தெரியுமே” என்கிறார்கள். எழுதிக் கொடுக்கவா, வேண்டாமா?
— ஒரு தாய், குலசேகரம்

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டி.சி. கேட்டு நீங்கள் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிட்டால், பள்ளியின் பதிவேட்டில் “பெற்றோர் விருப்பத்தின் பேரில்” என்று ஒரு வரி ஏறிவிடும். பள்ளி உங்கள் பிள்ளையை அனுப்பியதற்கு எங்கேயும் தடயம் இருக்காது. நாளைக்கு நீங்கள் எந்த அதிகாரியிடம் போய் நின்றாலும் அவர் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார். முடிவு எடுத்தது அவர்கள், கையெழுத்து மட்டும் உங்களுடையது என்று ஆகிவிடும். நம் மாவட்டத்தில் இப்படிப் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரையும் பள்ளி ‘நீக்கவில்லை’. எல்லோரும் ‘தாங்களாகவே போனவர்கள்’. கணக்கு அப்படித்தான் சொல்லும்.

அதனால் தாள் உங்களிடமிருந்து போகக் கூடாது, அவர்களிடமிருந்து வர வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமல்ல, அரசின் அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்து, அவரவர் தேவைக்கு ஏற்ற ஏற்பாடுகளைச் செய்து, மற்றப் பிள்ளைகளோடு படிக்க வைக்கும்படி பார்த்துக்கொள்ள அரசு முயல வேண்டும் என்கிறது. ஆட்டிசம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் ஒன்று.

உங்களுக்கு மிகவும் உதவப் போவது 2017-இல் அந்தச் சட்டத்துக்காக வந்த மத்திய விதிகளில் 3-ஆம் விதி. குறைபாட்டைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டினார்கள் என்று ஒரு நிறுவனத்தின் தலைவருக்குப் புகார் கொடுத்தால், அவர் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். இல்லையென்றால், தாங்கள் செய்தது நியாயமான ஒரு நோக்கத்துக்காக, அளவு மீறாமல் செய்யப்பட்டது எப்படி என்பதைப் புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தனியார் நிறுவனம் என்றால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்துக்கு இது பொருந்தும். ஆசிரியர், ஆயா, வேன் டிரைவர் என்று எண்ணினால் நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

ஆக, நீங்கள் கொடுக்க வேண்டியது டி.சி. விண்ணப்பம் இல்லை, புகார் கடிதம். வெள்ளைத் தாளில் கையால் எழுதினால் போதும். இப்படி எழுதலாம்:

“என் மகன் தங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். இன்ன தேதியில் பள்ளி அலுவலகத்தில், வரும் கல்வியாண்டில் அவனைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள இயலாது என்றும் டி.சி. கேட்டு எழுதித் தரும்படியும் எங்களிடம் சொன்னீர்கள். அவன் இதே பள்ளியில் தொடர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அவனுடைய குறைபாட்டைக் காரணமாக வைத்து இந்த முடிவு எடுக்கப்பட்டதாகக் கருதுகிறோம். முடிவு என்ன, காரணம் என்ன, எந்த மதிப்பீட்டை வைத்து எடுக்கப்பட்டது, அவன் வகுப்பில் தொடர இதுவரை என்னென்ன ஏற்பாடுகள் செய்து பார்க்கப்பட்டன என்பதை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகள் 2017, விதி 3-இன்படி இதைப் புகாராக ஏற்கவும்.”

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து, தேதி, முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். நேராகத் தபால் ஆபீஸுக்குப் போய் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, ரசீதைக் கடித நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். அவர்கள் வாயால் சொன்னதை நீங்கள் தேதியோடு எழுதி அனுப்பி, அவர்கள் மறுக்காமல் இருந்தால், அதுவே உங்கள் கையில் ஓர் ஆவணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைத் தொடக்கக் கல்வி முடியும் வரை பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. பலரும் முதலில் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் நம் மாவட்டத்தில் சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் சிறுபான்மைப் பள்ளிகள் நிறைய. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் அந்தச் சட்டத்தை நீட்டியதும் பள்ளி இந்தத் தீர்ப்பை நீட்டும், பெற்றோர் வாயடைத்துத் திரும்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அப்படி விலக்கு கிடையாது. உங்கள் பள்ளி யாருடையது என்று கடிதத்தில் எழுதவில்லை. யாருடையதாக இருந்தாலும் 2016 சட்டத்தையே முதலில் வைத்து எழுதுங்கள்.

பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் அடுத்த படி நாகர்கோவில். முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் நகல்களோடு மனு கொடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடியாது என்றால் 1100-க்குப் போன் செய்து ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவில் பதியலாம். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவருக்கு வரும் பாகுபாட்டுப் புகாரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அதே 3-ஆம் விதி சொல்கிறது. வக்கீல் வைக்கக் காசில்லையே என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கடைசியில் உங்கள் மகனுக்குச் சிறப்புப் பள்ளிதான் நல்லது என்று நீங்களே முடிவு செய்யலாம், அதில் தவறே இல்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளை, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகப் படிக்கலாம் என்று 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த விருப்பம் உங்கள் வீட்டில், உங்கள் மகனைப் பார்த்து, அவசரமில்லாமல் எடுக்கப்பட வேண்டும். பள்ளி அலுவலகத்தில் நிற்க வைத்து எடுக்கப்படக் கூடாது.

கேள்வி: மருத்துவ முகாமில் என் மகளைப் பார்த்த டாக்டர், “சதவீதம் வராது, சர்டிபிகேட் கிடையாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுபடி எங்கே போவது?
— தகப்பனார், ஆரல்வாய்மொழி

பதில்: சான்றிதழ் தர முடியாது என்றால் அதற்கான காரணத்தை விண்ணப்பதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017 விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அடையாள அட்டைக்கான யூடிஐடி இணையதளத்தில் முறையாக விண்ணப்பித்திருந்தால்தான் அந்தக் கடமை வரும். முகாமில் வரிசையில் நின்று காட்டிவிட்டு வந்தது மட்டும் போதாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, பதிவு எண்ணோடு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மறுப்பு வந்தால் 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டுக்கு அந்த மறுப்புக் கடிதம் வேண்டும், அதனால் அதை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஹூஸ்டனில் நர்ஸ். பேரனுக்கு ஐந்து வயது, அங்கே அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். பேச்சு சரியாக வரவில்லை. பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டதற்கு, “வீட்டில் தமிழ், இங்கே இங்கிலீஷ், அதனால்தான் தாமதம். ஒரு வருடம் பொறுப்போம்” என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம். அங்கே இதற்கெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாக மகளின் தோழி சொன்னாளாம். உண்மையா? அப்படி ஒரு சட்டம் நம்மிடம் உண்டா?
— ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர், கருங்கல்

பதில்: உண்மைதான் ஐயா. உங்கள் மகளுக்கு இதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கென்று அமெரிக்காவில் 1975-இல் ஒரு மத்திய சட்டம் வந்தது. இப்போது அதைச் சுருக்கமாக ‘ஐடியா’ சட்டம் என்கிறார்கள். அதன்படி, பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறதா என்று அடையாளம் காண்பது, மதிப்பீடு செய்வது, எந்த வகுப்பில் அல்லது எந்த இடத்தில் வைத்துப் படிப்பிப்பது, என்னென்ன சேவை தருவது, இந்த நான்கில் எதையாவது அரசுப் பள்ளி புதிதாகச் செய்யவோ மாற்றவோ நினைத்தால், செய்வதற்கு முன்பே பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பெற்றோர் கேட்டதைச் செய்ய மறுத்தாலும் அதே போல எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புக்கு அங்கே ‘பிரையர் ரிட்டன் நோட்டீஸ்’ என்று பெயர்.

அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் விட்டுவைக்காமல் விதி சொல்கிறது. என்ன செய்யப் போகிறார்கள் அல்லது எதை மறுக்கிறார்கள், ஏன், எந்தப் பரிசோதனையையும் பதிவேட்டையும் அறிக்கையையும் வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள், வேறு என்னென்ன வழிகளை யோசித்தார்கள், அவற்றை ஏன் விட்டார்கள், வேறு காரணங்கள் உண்டா, பெற்றோருக்கு உள்ள பாதுகாப்புகள் என்ன, யாரிடம் உதவி கேட்கலாம், இத்தனையும் இருக்க வேண்டும். சாதாரண மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும். பெற்றோரின் தாய்மொழியில் தர வேண்டும், அது சாத்தியமே இல்லை என்றால்தான் விலக்கு. உங்கள் மகளுக்கு ஆங்கிலம் பிரச்சினை இருக்காது. ஆனால் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாய் அங்கே இருந்தால் அவர் தமிழில் கேட்கலாம்.

உங்கள் மகள் வாயால் கேட்டார், ஆசிரியை வாயால் பதில் சொன்னார். அங்கேதான் விட்டுப்போயிருக்கிறது. மகளை ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்: “என் மகனுக்கு முழுமையான தனிநபர் மதிப்பீடு செய்யும்படி கோருகிறேன்” என்று, பள்ளி முதல்வருக்கும் மாவட்டச் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும். டெக்சாஸ் மாநில விதிப்படி, எழுத்தில் கேட்ட நாளிலிருந்து 15 பள்ளி வேலை நாளுக்குள் மதிப்பீடு செய்கிறோம் என்றோ மாட்டோம் என்றோ பள்ளி எழுத்தில் சொல்லியாக வேண்டும். மதிப்பீட்டுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இரண்டு மொழி என்பது பிள்ளையைச் சோதிக்காமல் இருக்கக் காரணம் ஆகாது. பிள்ளையின் தாய்மொழியிலோ அவன் திறமை சரியாகத் தெரிய வரும் வடிவத்திலோ சோதிக்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டமே சொல்கிறது. இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். களியக்காவிளைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து பேசி வளராத பிள்ளை உண்டா? பேச்சு வராததற்கு மொழியைக் காரணம் சொல்லி ஒரு வருடத்தை விடுவது எனக்குச் சம்மதமே இல்லை. ஐந்து வயதில் ஒரு வருடம் என்பது பெரிய காலம். மகள் தமிழை விட்டுவிட நினைத்தால் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பேரனோடு போனில் நீங்கள் தமிழிலேயே பேசுங்கள்.

நம்மிடம் உண்டா என்று கேட்டீர்கள். அப்படி ஒரே இடத்தில் முழுமையாக எழுதிய பிரிவு நம் சட்டத்தில் இல்லை. துண்டு துண்டாக இருக்கிறது. குலசேகரத்து அம்மாவுக்குச் சொன்ன 3-ஆம் விதி ஒன்று. ஆரல்வாய்மொழிக்காரருக்குச் சொன்ன சான்றிதழ் மறுப்புக் கடிதம் ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் 4-ஆம் பிரிவு, அரசு அலுவலகங்கள் எடுக்கும் நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளியும் அதில் வரும். பெரிய வித்தியாசம் எது என்றால், அங்கே எழுதித் தருவது பள்ளியின் கடமை, பெற்றோர் கேட்டாலும் கேட்காவிட்டாலும். இங்கே பெரும்பாலும் பெற்றோர் கேட்டால்தான் பள்ளியின் கடமை விழிக்கும். கேட்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளை அதனாலேயே பின்தங்கிவிடுகிறது. இது மாற வேண்டும். முடிவுக்கு முன் எழுத்தறிவிப்பு என்று நம் மாநில விதிகளிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும், தனிச் சட்டம்கூட வேண்டாம்.

அங்கேயும் அது தானாக வந்துவிடவில்லை. “இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது” என்று சொல்லிப் பள்ளிகள் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. பென்சில்வேனியாவிலும் வாஷிங்டன் நகரத்திலும் பெற்றோர்கள் நீதிமன்றம் போனார்கள். அறிவிக்காமலும் பெற்றோர் தரப்பைக் கேட்காமலும் பிள்ளையின் கல்வி நிலையை மாற்றக் கூடாது என்று 1972-இல் அந்த வழக்குகளில்தான் வந்தது. மூன்று வருடம் கழித்து அது சட்டம் ஆனது.

கேள்வி: என் மகளுக்கு மூளை முடக்குவாதம், ஒன்பது வயது. அரசுப் பள்ளியில்தான் படித்தாள். இந்த வருடம் போனால், “இவளை ஹோம் பேஸ்டு லிஸ்டில் போட்டாச்சு, வீட்டுக்கே டீச்சர் வருவார்” என்கிறார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். என் வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டில் போனால் கரைக்கு வர மாதக்கணக்கு ஆகும். நான் ஒருத்திதான். யாரிடம் கேட்பது?
— ஒரு தாய், தூத்தூர்

பதில்: மக்களே, உன்னைக் கேட்காமல் அந்தப் பட்டியலில் பெயரை ஏற்றியது சரியில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான குறைபாடோ பல குறைபாடுகளோ உள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. உரிமை பிள்ளைக்கு. பிள்ளையை வீட்டிலேயே இருத்தும் அதிகாரமாக அதைப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியாது. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைகளுக்காக வந்த நல்ல ஏற்பாடு அது. பயிற்றுநராக நானே அப்படிப் பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஆனால் எந்தப் பயிற்றுநரும் தினமும் வர முடியாது. சில மணி நேரம் வந்து போவதும், பக்கத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிடுவதும் ஒன்றாகாது.

தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம், முன்சிறை வட்டார வள மையத்துக்கு ஒரு கடிதம். “என் மகளை வீட்டுவழிக் கல்விக்கு மாற்ற நாங்கள் விருப்பம் தெரிவிக்கவில்லை. யார், எந்தத் தேதியில், எந்த மதிப்பீட்டை வைத்து மாற்றினார்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். அவள் பள்ளிக்கு வரவே விரும்புகிறோம்” என்று எழுது. கூடவே அவளுடைய தனிநபர் கல்வித் திட்டத்தின் நகல் ஒன்று கேள். அதில் என்ன இலக்கு எழுதியிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்கு அழைத்துப் போக ஆளும் வண்டியும்தான் தடை என்றால், போக்குவரத்துப் படியும் உடன் வருவோருக்கான படியும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கிறது. அதையும் அதே கடிதத்தில் கேள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். அதில் உன் தெருக்காரி ஒருத்தியாவது இருப்பாள். அவளிடம் சொல்லி, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மகளைப் பற்றிய பதிவேடுகளின் நகலைக் கேள். இதற்கெல்லாம் வீட்டுக்காரர் கரைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உன் கையெழுத்தே போதும்.

கேள்வி: கற்றல் குறைபாடு உள்ள என் மகன் பத்தாம் வகுப்பு. தேர்வில் சலுகை கேட்டால் “நாள் முடிந்துவிட்டது” என்று பள்ளியில் சொல்கிறார்கள். நாங்கள் ஜூலையிலேயே கேட்டோம்.
— ராஜாக்கமங்கலம்

பதில்: ஜூலையில் கேட்டதற்கு உங்களிடம் தாள் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் இன்றே ஒரு கடிதம் எழுதி, ஜூலையில் கேட்டதையும் யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றின் நகலோடு தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஒரு நகலை நேரடியாக முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற ஏற்பாடுகளைச் செய்வது அரசின் கடமை என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. அது பள்ளி பார்த்துக் கொடுக்கும் தயவு இல்லை. தேர்வுக்கு இன்னும் காலம் இருக்கும்போதே நகருங்கள். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை உள்ளவர்கள் பள்ளி திறந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: நான் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். உங்கள் பத்தியைப் படித்துவிட்டுப் பெற்றோர் “எழுதித் தாருங்கள்” என்று வருகிறார்கள். எங்கள் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் எப்போதாவதுதான் வர முடிகிறது. எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அதை வைத்தே எங்களைக் குற்றவாளி ஆக்குவார்கள் என்று நிர்வாகம் பயப்படுகிறது. நாங்களும் மனிதர்கள்தானே?
— தலைமையாசிரியர், தக்கலை

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது சார். ஐந்து வகுப்பை இரண்டு ஆசிரியர்கள் பார்க்கும் பள்ளியில், ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பிள்ளையையும் பார்த்துக்கொள்வது எவ்வளவு பாடு என்பதை நேரில் பார்த்தவள் நான். ஆனால் எழுதாமல் இருந்தால் அந்தப் பாடு வெளியே தெரியாமலே போய்விடும்.

தொடக்க நிலையில் குறைபாடுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றுச் சொன்னது. உங்கள் பள்ளிக்கு அந்த ஆள் வரவில்லை என்றால் குறை உங்களுடையது இல்லை. “இன்ன பயிற்சி தேவை என்று மதிப்பீட்டில் உள்ளது. சிறப்புப் பயிற்றுநர் போதிய அளவு வர இயலாததால் இதுவரை தர முடியவில்லை. வட்டார வள மையத்துக்கு இன்ன தேதியில் எழுதியுள்ளோம்” என்று பெற்றோருக்கு எழுதிக் கொடுங்கள். அதே தாளின் நகல் மேலே போகட்டும். பெற்றோரின் மனுவும் உங்கள் கடிதமும் ஒரே மேசைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே ஏதாவது அசையும். எழுதாமல் விட்டால், தாய் உங்களைக் குறை சொல்வாள், அலுவலகம் தாயைக் குறை சொல்லும், பயிற்றுநர் மட்டும் வரவே மாட்டார்.

எப்படி எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். “இவனால் முடியாது”, “அடங்க மாட்டான்” என்பதெல்லாம் தீர்ப்பு. பார்த்ததை எழுதுங்கள். காலையில் முதல் பாடம் வரை உட்கார்ந்து எழுதுகிறான், மணி அடிக்கும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான், பெயரைச் சொல்லித் தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறான் என்று எழுதினால், அடுத்து வரும் பயிற்றுநருக்கு வேலை தொடங்க அதுவே போதும். என்ன செய்து பார்த்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் சேருங்கள். முன் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்தீர்களா, படம் காட்டிச் சொல்லிப் பார்த்தீர்களா, எல்லாம் வரட்டும். அப்படி எழுதிய தாளை வைத்து யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. நீங்கள் முயன்றதற்கு அதுதான் அத்தாட்சி.

நிர்வாகத்திடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நிலை வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவது நீங்கள் எழுதி வைத்த தாள்கள் மட்டும்தான்.

பெற்றோரோடு பேசி முடித்த அன்றே ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாத அம்மா என்றால், அவர் நம்பும் ஒருவரைக் கூட உட்கார வைத்துத் தமிழில் மெதுவாக வாசித்துக் காட்டி, வாசித்துக் காட்டியதாக அடியில் எழுதி, அந்த மனிதரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.